குழந்தைகள் நனைய ஓர் இடம்

கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு நாள் பிற்பகல் மூன்று மணி சுமாருக்கு, சொந்தக் காரியம் ஒன்றை முன்னிட்டு நாம் படூருக்குச் செல்ல நேர்ந்தது. பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து ஊருக்குள் பிரியும் தெருவொன்றில் தண்ணீர் லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. அங்குள்ள அடுக்குமாடிக் குடியிருப்பின் நிலத்தடித் தொட்டிக்கு அதிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. லாரியின் பின்வாயில் குழாய் பொருந்தும் இடத்தில் ஏதோ கோளாறு. பொருத்துவாயிலிருந்து தண்ணீர் விசிறிபோல் விரிந்து பீச்சியடித்தது. அந்த விசிறிக்குள் ஆறேழு குழந்தைகள் கூத்தாடிக்கொண்டிருந்தன.

குழந்தைகளில் பாதி அவ்வூர்க் குழந்தைகள். மற்றவை கட்டட வேலைக்காக ஒரிஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தகரக் கொட்டகைகளில் குடியிருக்கும் தொழிலாளரின் குழந்தைகள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. ஒருவர் பாஷை மற்றவருக்கு முழுவதும் விளங்கியதாகத் தோன்றவில்லை. விளங்க வேண்டிய அவசியமும் அங்கே இருக்கவில்லை. எட்டு வயது மதிக்கத்தக்க பெண்ணொருத்தி, இடுப்பிலிருந்த தம்பியைத் தண்ணீருக்குள் நீட்டுவதும், அவன் மூச்சுத் திணறிச் சிரித்ததும் வெளியே இழுப்பதுமாக இருந்தாள். குடியிருப்பின் காவற்காரர் கோலொன்றை எடுத்துக்கொண்டு வந்து அதட்டினார். லாரி ஓட்டுநரோ, "விடுய்யா, ஒழுகற தண்ணிதானே, பசங்க நனைஞ்சா என்ன?" என்றார். காவற்காரரும் இளகிப்போய்க் கோலைச் சுவரில் சாத்திவிட்டு நின்றார். கால் மணி நேரத்தில் தொட்டி நிரம்பியது. ஓட்டுநர் வால்வை மூடினார். குழந்தைகளின் உற்சவமும் முடிந்தது. அந்தக் குடியிருப்பின் வாயிற் பலகையில், உள்ளே இருக்கும் வசதிகளில் முதலாவதாக நீச்சல் குளம் எழுதப்பட்டிருந்தது.

படூரைப் பற்றி அறியாத வாசகர்களுக்காக ஓரிரு வார்த்தைகள். செங்கற்பட்டு மாவட்டத்தில், வடக்கே சிறுசேரிக்கும் தெற்கே கேளம்பாக்கத்துக்கும் இடையே உள்ளது இவ்வூர். கிழக்கே சிறிது தூரத்தில் பக்கிங்காம் கால்வாயும் முட்டுக்காட்டுக் கழியும் கடலும். கேளம்பாக்கம் பக்கத்தில் உப்பளங்கள். ஏரி மாவட்டம் என்று பெயர் பெற்ற செங்கற்பட்டுச் சீமையின் மற்ற ஊர்களைப் போலவே இதுவும் ஏரியை நம்பிப் பயிர் செய்த கிராமந்தான். கணினித் தொழில் இச்சாலைக்கு வந்த பிறகு வயல்கள் மனைகளாயின. மனைகள் பல மாடிக் கட்டடங்களாயின. ஜனத்தொகை பெருகிய வேகத்துக்குத் தண்ணீர்க் குழாய் வந்து சேரவில்லை. ஆகவே இச்சாலை நெடுகிலும் லாரித் தண்ணீர் இல்லாவிட்டால் குடித்தனம் நடவாது என்ற நிலைமை ஏற்பட்டுவிட்டது. 2019-ஆம் ஆண்டு கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, இச்சாலையிலுள்ள கம்பெனிகள் சில தங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இத்தகைய ஊரில் குழந்தைகள் தண்ணீரில் விளையாட இடம் வேண்டும் என்று நாம் எழுதப் புகுந்தால், "குடிக்கத் தண்ணீர் இல்லாத இடத்தில் கும்மாளத்துக்குத் தண்ணீரா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்லுமுன், நாம் வேறோர் ஊரில் கண்டதைச் சொல்லிவிடுகிறோம்.

இரண்டாண்டுகளுக்கு முன் சிங்கப்பூரில் இருக்கும் எமது சகோதரியின் மகள் வீட்டில் சில நாள் தங்கியிருந்தோம். அவளுக்கு ஆறு வயதில் ஒரு பெண்ணும் மூன்று வயதில் ஒரு பையனும். "தாத்தா, இன்றைக்குத் தண்ணீர் பார்க்குக்குப் போகலாம்" என்று பெண் காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். தண்ணீர்ப் பார்க்கு என்றதும் நமக்குச் சென்னைக்குத் தெற்கே இருக்கும் கேளிக்கைப் பூங்காக்கள் நினைவுக்கு வந்தன. கையை மணிபர்ஸில் வைத்துக்கொண்டே புறப்பட்டோம். கடைசிவரையில் அதைத் திறக்க வேண்டிய வேலையே வரவில்லை. மெரினா விரிகுடாவை ஒட்டியுள்ள பெருந்தோட்டத்தில், 2014-ஆம் ஆண்டு ஜனவரியில் குழந்தைகளுக்கென்றே திறக்கப்பட்ட தோட்டம் அது. பெரிய வியாபார ஸ்தாபனம் ஒன்று கொடுத்த நன்கொடையைக் கொண்டு அமைத்தது. அனுமதிக்குக் கட்டணம் கிடையாது.

ஆங்கிலத்தில் இத்தகைய இடத்தை ஸ்பிளாஷ் பேட் என்கிறார்கள். நாம் தண்ணீர்த் திடல் என்று சொல்லலாம். இதில் குளம் இல்லை. தேங்கும் தண்ணீரும் இல்லை. வழுக்காத, விழுந்தாலும் அடிபடாத தரை. தரையிலே சிறு துவாரங்கள். ஆங்காங்கே வளைந்த குழாய்கள். குழந்தைகளின் நடமாட்டத்தை அறியும் கருவிகள் அங்கே இருப்பதால், ஒரு குழந்தை ஓடினால் ஒரு பக்கம் நீர்த்தாரை எழும்புகிறது. நின்றால் வேறொரு பக்கம் வளைந்து பாய்கிறது. மேலே பாய்ந்த தண்ணீர் உடனே வடிகால் வழியாகக் கீழே இறங்கிவிடுகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட சிறுவர்களுக்கு மீன் உருவங்களோடு கூடிய சிறிய நீரூற்று ஒன்றும் தனியாக இருக்கிறது.

பெண் சிட்டாய்ப் பறந்துவிட்டாள். பையனோ, காதுகளைப் பொத்திக்கொண்டு எம் வேஷ்டியின் மடிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவனைக் கட்டாயப்படுத்தாமல் விளிம்பில் உட்கார்ந்தோம். சீனக் குழந்தையொன்று ஒவ்வொரு துவாரமாகக் காலால் மிதித்து அடைக்கப் பார்த்தது. ஒன்றை அடைத்தால் பக்கத்துத் துவாரம் அதன் முகத்தில் பீச்சிற்று. இதைப் பார்க்கப் பார்க்கப் பையனின் கைகள் காதைவிட்டு இறங்கின. பிறகு மெல்லிய தாரை ஒன்றின்மேல் ஒரே ஒரு விரலை வைத்தான். விரல் நனைந்ததும் எம்மைத் திரும்பிப் பார்த்தான். ஏதோ பெரிய ராஜ்யத்தை ஜயித்த பார்வை! அடுத்த நிமிஷம் அவனைப் பிடிக்க முடியவில்லை. பக்கத்தில் துண்டுகளை மடியில் அடுக்கிவைத்துக்கொண்டிருந்த மலாய்ப் பாட்டியார் ஒருவர், தம் பேரனுக்குக் கொடுத்த பிஸ்கோத்திலே ஒன்றை எடுத்து அவனுக்கும் நீட்டினார். அவனும் யோசனையின்றி வாங்கிக்கொண்டான். இரண்டு மணி நேரம் கழித்து, உதடு நீலம் பாரித்து நடுங்கிக்கொண்டு, "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று அழுத குழந்தைகளைத் துவட்டி வீட்டுக்குக் கொண்டுசேர்ப்பதற்குள் எமக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. இரண்டாவது ஜோடி உடையையும் தொப்பியையும் குடிதண்ணீரையும் மறக்காமல் எடுத்துச் செல்ல வேண்டுமென்பதைப் பாட்டன்மார்களுக்கு அநுபவ வாயிலாகத் தெரிவித்துக்கொள்கிறோம்.

சிங்கப்பூர் தண்ணீர் கொழிக்கும் நாடு என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். ஜோகூர் ராஜ்யத்தோடு 1962-இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, அங்கிருந்து தண்ணீரை விலைக்கு வாங்கும் தேசம் அது. அந்த ஒப்பந்தமும் 2061-இல் தீர்ந்துபோகிறது. கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் உபயோகிப்பதை 2003-இல் தொடங்கினார்கள். கடல்நீரைக் குடிநீராக்குவதை 2005-இல் தொடங்கினார்கள். ஒவ்வொரு துளியையும் எண்ணிச் செலவிடும் அந்த நாடே குழந்தைகள் நனைவதற்கென்று தண்ணீரை ஒதுக்கியிருக்கிறது. ஜூரோங் ஏரித் தோட்டத்தில் 2019-இல் திறந்த நீர் விளையாட்டிடத்தில், ஓடிய தண்ணீரையே நீர்த்தாவரங்களிடையே செலுத்தித் தெளியவைத்து மீண்டும் விளையாட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். நம் இலங்கைத் தமிழ்ச் சகோதரர்கள் பெருவாரியாகக் குடியேறியுள்ள கனடாவின் டொரான்டோ நகரிலும், நகரசபை தன் பூங்காக்களில் நூற்றுக்கு மேற்பட்ட தண்ணீர்த் திடல்களைக் கோடைதோறும் இலவசமாக நடத்துகிறது. அங்கே அது வேடிக்கை பார்க்கும் அதிசயமன்று. தெருமுனை நூலகத்தைப்போலப் பேட்டைக்குப் பேட்டை இருக்கும் சாதாரண வசதி.

இவையெல்லாம் அந்நிய நாட்டு ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடுவதற்கும் இல்லை. நம் கிராமத்தில் பிறந்தவர் எவரும் பம்பு செட்டை மறக்க முடியுமா? கிணற்றடியில் சிமெண்டுத் தொட்டி. அதில் தடித்த குழாயிலிருந்து வெள்ளை வெளேரென்று இரைந்து விழும் தண்ணீர். தலையைக் கொடுத்தால் கழுத்தே இற்றுவிடும்போன்ற வேகம். விடுமுறை நாட்களில் ஊர்க் குழந்தைகள் எல்லாம் அந்தத் தொட்டியிலேதான். தொட்டியில் விழுந்த தண்ணீர் வாய்க்கால் வழியே பயிருக்குப் போய்ச் சேரும்; சொட்டுக்கூட வீணில்லை. பொறியியல் வல்லுநர்கள் இன்று மறுசுழற்சி என்று விளக்கும் தத்துவத்தை, ஒரு வகையில் நம் குடியானவர்கள் அநுபவத்திலே நடத்திக் காட்டிக்கொண்டிருந்தார்கள். படூரிலும் சுற்றுப்புறங்களிலும் முன்னர் அப்படிக் குளித்து வளர்ந்ததாகப் பெரியவர் ஒருவர் எம்மிடம் சொன்னார். அவர் காட்டிய இடத்தில் இப்பொழுது வாகனங்கள் நிறுத்தும் மைதானம் இருக்கிறது.

ஆயினும், பழமையைப் போற்றும் ஆசையில் உண்மையை மறைப்பது உசிதமாகாது. அந்தக் கிணறும் அந்தக் குளத்துப் படித்துறையும் எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாகவா இருந்தன? சேரிக் குழந்தைக்கு ஊர்க் குளத்தில் கால் நனைக்க உரிமையில்லாத தேசம் இது. மகாராஷ்டிரத்திலுள்ள மகாத் நகரில், 1927-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20-ஆம் தேதி டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று சவ்தார் குளத்துத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தார். அதற்காக அவரைச் சேர்ந்தவர்கள் அடிபட்டார்கள். அது நம் தேச சரித்திரத்தின் ஒரு பகுதி. இந்த நோய் நமக்கு மாத்திரம் உரியதுமன்று. அமெரிக்காவில் மாண்ட்கமரி நகரத்தார், நீக்ரோக்கள் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட கறுப்பின மக்களோடு பூங்காவைப் பகிர்ந்துகொள்ள வேண்டிவரும் என்றானதும், 1959-இல் தங்கள் பூங்காக்களையே மூடிவிட்டார்கள். அங்கிருந்த நீச்சல் குளம் மண்ணிட்டுத் தூர்க்கப்பட்டது. தங்கள் குழந்தைகள் நனையாவிட்டாலும் பரவாயில்லை, அவர்கள் குழந்தைகள் நனையக்கூடாது என்ற மனப்பான்மை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சம் வேண்டியதில்லை.

இன்று பழைய மகாபலிபுரம் சாலையில் தடை சாதியின் பெயரால் நேரடியாக எழுதிவைக்கப்படவில்லை. மதிற்சுவரும் கட்டணச் சீட்டும் அந்த வேலையைச் செய்கின்றன. குடியிருப்புக்குள் இருக்கும் குளம் அதன் சொந்தக்காரர்களுக்கு, அவர்கள் தங்கள் பணத்தில் கட்டியது, அதைக் குறைசொல்லுவதற்கில்லை. திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் 2025 டிசம்பரில் மிகப் பெரிய நீர் விளையாட்டுப் பூங்கா திறக்கப்பட்டது. பெரியவர் ஒருவருக்கு அனுமதிக் கட்டணம் ஆயிரம் ரூபாய்க்கு மேல். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த நாட்கூலி 336 ரூபாய். அதாவது தாய் ஒருத்தி உள்ளே போய் வருவதற்கு மட்டுமே மூன்று நாட்கூலி போதாது. அப்பால் குழந்தைகள், வண்டிச் சத்தம், சாப்பாடு! தனியார் வியாபாரம் தன் விலையைத் தானே நிர்ணயித்துக்கொள்ளும். அதனிடம் தர்மம் கேட்பது நம் நோக்கமன்று. ஸ்தல ஸ்தாபனங்கள் இவ்விஷயத்தில் வாயைத் திறக்காதிருப்பதே நம் குறை.

"கடல் இருக்கிறதே!" என்பார்கள். இருக்கிறது. படூரிலிருந்து கோவளம் வெகு தூரமில்லை. கோவளம் கடற்கரைக்கு 2021-இல் நீலக்கொடிச் சான்று கிடைத்ததும் பெருமைக்குரியதே. எமக்கும் அக்கரையில் மாலை நேரத்தில் நின்று அலை பார்ப்பதைவிட வேறு சுகம் தெரியவில்லை. ஆனால் நம் கிழக்குக் கடற்கரையின் அலை மூன்று வயதுக் குழந்தையோடு விளையாடும் அலையன்று. கரையோரத்திலேயே ஆழம், காலடி மணலை அரித்து உள்ளிழுக்கும் நீரோட்டம். இக்கரையில் ஒவ்வொரு வருஷமும் உயிர்கள் பலியாகும் செய்தியைப் பத்திரிகைகள் அச்சிட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. 2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டதாகவும், அவர்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் 2024-இல் கணக்கு வெளியிட்டது. ஏரியும் குட்டையும் கல் வெட்டியெடுத்த பள்ளமும் இதே ஆபத்துடையவை. வேறு இடம் கிடைக்காத குழந்தைகள் போய்ச் சேருவதும் அங்கேதான். தேங்காத தண்ணீரில் மூழ்குவார் இல்லை என்பதே தண்ணீர்த் திடலின் முதல் மேன்மை.

இனித் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றிய கேள்விக்கு வருவோம். ஒரு சிறு திடலில் பத்துக் குழல்கள் இருப்பதாகவும், குழல் ஒன்றுக்கு நிமிஷத்துக்கு 30 லிட்டர் பாய்வதாகவும் வைத்துக்கொள்வோம். மணிக்கு 18,000 லிட்டர் ஆகிறது; 9,000 லிட்டர் கொள்ளும் லாரிகள் இரண்டு. மாலையில் நாலு மணி நேரம் நடத்தினால் எட்டு லாரி. இந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடுவதாயின், படூரில் அத்தகைய திடலை நாமே முன்னின்று எதிர்ப்போம். ஆனால் நிலத்தடித் தொட்டியொன்றில் அதே இரண்டு லாரித் தண்ணீரை நிரப்பி, வடிந்து வருவதை வடிகட்டி, கிருமி நீக்கி, மீண்டும் மேலே அனுப்பினால், குழந்தைகளின் உடம்போடு போவதும், ஆவியாய்ப் போவதும், வடிகட்டியைக் கழுவப் போவதுமே அன்றாடச் செலவு. பித்தானை அழுத்தினால் இரண்டொரு நிமிஷம் பாய்ந்து தானே நிற்கும்படி செய்தால் அதுவும் குறையும். மாதக் கணக்கில் பார்த்தால், வீட்டுக்கு வீடு மோட்டார் வண்டிகளைக் குழாய் வைத்துக் கழுவும் தண்ணீரைவிட இது அதிகமாயிருக்குமென்று எமக்குத் தோன்றவில்லை. இதே கடற்கரையிலுள்ள நெம்மேலியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013-இலும், 15 கோடி லிட்டருக்கான இன்னொன்று 2024-இலும் திறக்கப்பட்டன. அந்தச் சமுத்திரத்தில் குழந்தைகளின் பங்கு எத்தனை துளி?

அடுக்குமாடிகளில் கழிவுநீரைச் சுத்திகரித்துச் செடிகளுக்கு விடுகிறார்களே, அதையே திடலுக்கும் விடலாமே என்று ஒரு நண்பர் யோசனை கூறினார். கூடவே கூடாது. குழந்தைகள் வாயைத் திறந்துகொண்டுதான் தண்ணீரில் ஓடும். எவ்வளவு கண்டித்தாலும் விழுங்கத்தான் விழுங்கும். குடிப்பதற்குத் தகுந்த தண்ணீரே இதற்கு வேண்டும்.

இங்கேதான் எமக்கு உண்மையான அச்சம் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில், செனக்கா ஏரிப் பூங்காவிலிருந்த தண்ணீர்த் திடலில் விளையாடிய ஆயிரக்கணக்கானோருக்கு வயிற்றுப்போக்கு கண்டது. கிரிப்டோஸ்போரிடியம் என்னும் நுண்ணுயிர் சேமிப்புத் தொட்டித் தண்ணீரில் கலந்து, அதே தண்ணீர் திரும்பத் திரும்பக் குழந்தைகள்மேல் பாய்ந்ததே காரணம். சாதாரணக் குளோரினுக்கு அந்த உயிர் எளிதில் மசியாது. அதன் பின்னரே அம்மாகாணம் இத்தகைய திடல்களில் புறஊதாக் கதிரால் தண்ணீரைச் சுத்தி செய்ய வேண்டுமென்று விதித்தது. 2021-இல் டெக்ஸாஸ் மாகாணத்தின் ஆர்லிங்டன் நகரில், திடலில் விளையாடிய குழந்தையொன்று மூளையைத் தாக்கும் அமீபா நோயால் இறந்தது. தண்ணீரில் குளோரின் எவ்வளவு இருக்கிறதென்று அன்றாடம் சோதித்துக் குறிக்க வேண்டிய வேலை ஒழுங்காக நடக்கவில்லையென்று அந்நகர அதிகாரிகளின் விசாரணையிலேயே வெளிவந்தது. இந்த அமீபா நமக்கும் அந்நியமன்று; 2024, 2025-ஆம் ஆண்டுகளில் கேரளத்தில் இந்நோய் கண்டு பலர் மாண்டதை நாம் படித்தோம். ஆகவே மறுசுழற்சி என்பது தண்ணீரை மிச்சப்படுத்தும். அதுவே கவனக்குறைவோடு நடந்தால் நோயைப் பரப்பும் யந்திரமாகிவிடும்.

கவனம் என்றோம். நம் ஊர்களில் பூங்காக்கள் திறக்கும் வைபவத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வார்த்தையில் சிறிது சந்தேகம் பிறப்பது இயல்பே. ஒரு சிற்றூர்ப் பூங்காவில், ஊரின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை, அழகான நீரூற்று ஒன்று திறப்புவிழாவன்று விளக்கொளியில் பாய்ந்ததைக் கண்டு மெய்மறந்தோம். ஓராண்டுக்குப் பிறகு அவ்வழியே சென்றபோது, அதே தொட்டியில் பச்சைப் பாசியும் காலிப் போத்தல்களும் கொசுப் புழுவும் இருந்தன. மோட்டாரைக் காணோம். திறந்து வைத்தவரின் பெயர் பொறித்த கல்வெட்டு மாத்திரம் பளபளப்புக் குறையாமலிருந்தது. தண்ணீர்த் திடலைக் கட்டும் பணத்தைப்போல் அதைப் பாதுகாக்கும் பணத்தையும் ஐந்தாண்டுக்குச் சேர்த்து ஒதுக்காமல் ஒரு செங்கல்லும் வைக்கக்கூடாது என்பது நம் அபிப்பிராயம். காலையிலும் மாலையிலும் தண்ணீரைச் சோதித்து, குளோரின் அளவைப் பொதுஜனங்கள் பார்க்கும்படி கரும்பலகையில் எழுத ஒருவர் வேண்டும். அந்தப் பலகையில் அன்றைய தேதி இல்லாவிட்டால் திடல் மூடியிருக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் முழுவதும் சுத்தம் செய்வதற்கென்றே மூட வேண்டும். சிங்கப்பூரிலும் அவ்வாறு மூடும் நாட்கள் உண்டு. வயிற்றுப்போக்குள்ள குழந்தையை அழைத்துவரக் கூடாதென்பதையும், டயப்பர் கட்டிய குழந்தைகளை உள்ளே விடுவதற்கான விதியையும் தாய்மார்கள் கண்ணில் படும்படி எழுதிவைக்க வேண்டும்.

பணத்துக்கு வழி இல்லாமற் போகவில்லை. படூருக்குப் பக்கத்திலேயே சிறுசேரியில் சிப்காட் கணினித் தொழிற்பேட்டை இருக்கிறது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் தம் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூக நலத்துக்குச் செலவிட வேண்டுமென்று கூறுகிறது. சிங்கப்பூரில் ஒரு ஸ்தாபனம் கொடுத்ததை இங்கே நாலைந்து ஸ்தாபனங்கள் கூடிக் கொடுக்கலாம். இடத்தை ஊராட்சி கொடுக்கட்டும். ஏரிப் புறம்போக்கில் கை வைக்காமல், பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்து போகும் தூரத்தில், புங்க மர நிழலுள்ள ஐந்தாறு சென்டு நிலம் போதும். நிழல் முக்கியம். மே மாத வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரையில் பாதம் பொரிந்துவிடும். ஆகவே காலையிலும் மாலையிலுமே நடத்துவது நல்லது. பெண்கள் உட்கார மேடையும், குழந்தைகளுக்கு உடை மாற்ற மறைவிடமும், குடிதண்ணீர்க் குழாயும் அவசியம். சுவர் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். ஐந்து ரூபாய்ச் சீட்டு என்றுகூட வைக்கக்கூடாது. அந்த ஐந்து ரூபாயைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடும் குழந்தை திரும்பி வராமலே இருந்துவிடும்.

விளையாடுவது குழந்தையின் உரிமை என்று ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கை 31-ஆம் ஷரத்தில் கூறுகிறது. நம் தேசம் 1992 டிசம்பரில் அதை ஏற்றுக் கையொப்பமிட்டது. அந்தக் கையொப்பம் புதுடில்லியில் பத்திரமாக இருக்கிறது. அது படூருக்கு வந்து சேரக் கிராம சபையில் ஒருவர் எழுந்து பேச வேண்டும். மாடிக் குடியிருப்புகளில் இருக்கும் படித்த தாய் தந்தையர் அச்சபைக்கு வருவதில்லையென்று ஊரார் குறைப்படுகிறார்கள். தண்ணீர் லாரியின் விலையை அவர்களும் கொடுக்கிறார்கள். ஏரியைத் தூர் வாரினால் அவர்கள் கிணற்றிலும் ஊறும். கொட்டகைக் குழந்தைகளின் தாய்மாருக்கோ இவ்வூரில் வாக்கில்லை. வேலை முடிந்தால் வேறு கட்டடம், வேறு ஊர். அவர்கள் சார்பில் பேசும் கடமை இங்கே நிலைத்திருப்பவர்களைச் சேர்ந்தது.

லாரி புறப்பட்ட பிறகு, தம்பியை இடுப்பில் சுமந்திருந்த அந்தப் பெண்ணிடம், "நாளைக்கும் வண்டி வருமா, அம்மா?" என்று கேட்டோம். தலையைத் துவட்டிக்கொண்டே, "தினமும் ரெண்டு வாட்டி வரும் தாத்தா. காலையில வர்ற வண்டி ஒழுகாது, இந்த வண்டிதான்" என்றாள். தெருக்கோடியில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்த ஓட்டுநரிடமும் பேச்சுக் கொடுத்தோம். தண்ணீர் வீணாகிறதென்று குடியிருப்புக்காரர்கள் முதலாளியிடம் புகார் சொல்லிவிட்டார்களாம். "புது வாஷர் வாங்கி வெச்சிருக்காங்க, ஐயா. நாளைக்கு மாத்திடுவோம்" என்றார்.